இனாமாக வந்த யுத்தம்

இனாம் என்ற சொல்லைப் போல மனிதனை மயக்கும் சொல் வேறு இல்லை. கூடைக்காரியிடம் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினால், ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாக எடுத்துப் போடுகிறாளே, அதில் ஒரு நேர்மை இருக்கிறது. முதலில் விலை, பிறகு கொசுறு. விலை இன்னதென்று நமக்குத் தெரியும். கொசுறு வராவிட்டாலும் கத்தரிக்காய் நம் பையில் இருக்கும். நான் இங்கே எழுதப் போவது இந்த முறையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்ட ஒரு வியாபாரத்தைப் பற்றி. அங்கே கொசுறு முதலில் வருகிறது. விலை பிறகு வருகிறது. அந்த விலை மொத்தம் எவ்வளவு என்று கடைசி வரையில் யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் கடைசி என்று ஒன்று அங்கே கிடையாது.

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: எர்த் வார்ஸ்' என்பது சரக்கின் பெயர். கைபேசியில் ஆடும் போர் விளையாட்டு. லண்டனைச் சேர்ந்த ஸ்பேஸ் ஏப் என்ற கம்பெனி தயாரித்து 2016 ஜூன் மாதம் வெளிவந்தது. காராகவும் லாரியாகவும் ஆகாய விமானமாகவும் உருமாறும் யந்திர மனிதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். நல்லவர்களுக்கு ஆட்டோபாட் என்று பெயர். அவர்கள் தலைவன் ஆப்டிமஸ் பிரைம். கெட்டவர்களுக்கு டிசெப்டிகான் என்று பெயர். அவர்கள் தலைவன் மெகாட்ரான். எந்தக் கட்சி பிடிக்கிறதோ அதில் நாம் சேர்ந்துகொள்ளலாம். கோட்டை கட்ட வேண்டும். சுற்றிலும் பீரங்கிகளை நிறுத்த வேண்டும். படை சேர்க்க வேண்டும். உலகத்தின் வேறு ஏதோ மூலையில் இருந்துகொண்டு ஆடும் இன்னொருவரின் கோட்டையை இடிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் ஒரு காசு கிடையாது.

'பிள்ளைகள் விளையாட்டைப் பற்றி ஒரு நாவலாசிரியனுக்கு என்ன பேச்சு?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இரண்டு காரணம் சொல்கிறேன். இதை ஆடுகிறவர்கள் பிள்ளைகள் மட்டும் அல்ல. சின்ன வயதில் இந்த யந்திர வீரர்களை டெலிவிஷனில் பார்த்து மகிழ்ந்தவர்கள், இன்று உத்தியோகமும் குடும்பமுமாக இருக்கிறவர்கள், இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு ஆடுகிறார்கள். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கதை என் தொழில். ஒரு கதையை எடுத்து, அதன் உயிரை உறிஞ்சிவிட்டு, வெறும் கூட்டைக் கடை வாசலில் தொங்கவிடுகிறவர்களைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. பார்க்காமலும் பேசவில்லை. என் தம்பி மகனிடம் சொல்லி என் கைபேசியிலும் அதை ஏற்றிக்கொண்டு, ஆறு மாத காலம், ஒரு பைசா செலவழிக்காமல் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் எல்லாம் வேகமாக நடந்தது. தொட்டால் கட்டடம் எழும்புகிறது. தொட்டால் பீரங்கி முளைக்கிறது. சில நாட்களில் நிமிஷக் கணக்கு மணிக் கணக்காயிற்று; சில வாரங்களில் மணிக் கணக்கு நாள் கணக்காயிற்று. சண்டையில் அடிபட்ட வீரர்கள் பழுது பார்க்கும் கூடத்தில் படுத்துவிடுகிறார்கள். அவர்கள் எழுந்து வருவதற்கும் ஒரு கெடு. ஒவ்வொரு கெடுவுக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு நாணயத்தை அதில் செலுத்தினால், கெடு ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

நேயர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். உலகத்தில் நாம் எத்தனையோ காரியங்களுக்குக் காத்திருக்கிறோம். அடுப்பில் சோறு வேகக் காத்திருக்கிறோம். அது அரிசியின் இயல்பு. நாற்று கதிராகும் வரை காத்திருக்கிறோம். அது மண்ணின் இயல்பு. பிள்ளை பிறக்கப் பத்து மாதம் காத்திருக்கிறோம். ஆனால் கைபேசித் திரையில் ஒரு கோட்டைச் சுவர் எழும்ப எந்த இயல்பும் குறுக்கே நிற்கவில்லை. செங்கல் சுட வேண்டியதில்லை. சுண்ணாம்பு இறுக வேண்டியதில்லை. கொத்தனார் மத்தியானம் சாப்பிடப் போவதில்லை. எங்கோ ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து 'இரண்டு நாள்' என்று எழுதினார். அதனால் இரண்டு நாள். அவரே அதை அழித்துவிட்டு 'இரண்டு நிமிஷம்' என்று எழுதியிருக்கலாம். அப்படியானால் அங்கே விற்கப்படுவது என்ன? சுவர் அல்ல. கம்பெனி ஒரு தடையைத் தானே செய்து நம் முன்னால் போட்டுவிட்டு, அதை நகர்த்துவதற்குக் கூலி கேட்கிறது. இருட்டில் ரோட்டின் குறுக்கே கல்லை உருட்டி வைத்துவிட்டு, வருகிற வண்டிக்காரனிடம் கல்லை எடுக்கக் கூலி கேட்கிறவனை ஊரார் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பொறுமையா இருந்தா எல்லாம் சும்மாவே கிடைக்கும் பெரியப்பா. அவசரப்படறவங்கதான் காசு கொடுக்கணும்" என்றான் தம்பி மகன். விளையாட்டை ஆதரிப்பவர்கள் எல்லாரும் சொல்லும் சமாதானம் இதுதான். ஆனால் அந்த அவசரம் எங்கிருந்து வந்தது? அதையும் கம்பெனியே தயாரிக்கிறது. வாரக் கடைசியில் ஒரு பந்தயம் வைக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் இத்தனை கோட்டைகளை இடித்தால் இன்ன பரிசு என்கிறார்கள். முன்பின் தெரியாத பலரை ஒரு கூட்டணியாகச் சேர்த்துவிட்டு, 'நீ வராவிட்டால் உன் தோழர்கள் தோற்பார்கள்' என்ற நிலையை உண்டாக்குகிறார்கள். அந்தக் கூட்டணியில் உண்மையான சிநேகம் பிறப்பதை நான் மறுக்கவில்லை. நான் சேர்ந்திருந்த கூட்டணியில், முகம் அறியாத ஒருவர் தன் தகப்பனார் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னபோது, வெவ்வேறு தேசத்து மனிதர்கள் ஆறுதல் எழுதினார்கள். மனிதர்கள் எங்கே கூடினாலும் மனிதர்களாக இருப்பார்கள். ஆனால் அந்தச் சிநேகத்தையே சாட்டையாகத் திரித்துச் சுழற்றுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் அன்று இரவும் கோட்டை இடித்தார். கூட்டணிக்குப் புள்ளி குறைந்துவிடுமாம்.

பத்திரிகை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்கள் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? வாரா வாரம் கதாநாயகியைக் கிணற்று மேட்டில் நிறுத்திவிட்டு, 'தொடரும்' என்று போட்டு, ஜனங்களை ஏழு நாள் காக்க வைத்தவர்கள்தானே நீங்கள்? உங்கள் தொடர்கதையும் இந்த வியாபாரமும் ஒன்றுதான்" என்றார்.

சாமர்த்தியமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக எனக்கு உரிமை இல்லை.

தொடர்கதைக்காரன் வாசகனைக் காக்க வைத்தான் என்பது உண்மை. ஆனால் எல்லாரையும் சமமாகக் காக்க வைத்தான். ஜட்ஜ் வீட்டு அம்மாளும், அவர் வீட்டில் பத்திரிகை இரவல் வாங்கிப் படித்த அடுத்த வீட்டுப் பெண்ணும், அடுத்த இதழ் வரும் வரை காத்திருந்தே தீர வேண்டும். ஜட்ஜ் வீட்டு அம்மாள் கூடுதலாகப் பத்து ரூபாய் அனுப்பினால் அவருக்கு மட்டும் அடுத்த அத்தியாயம் தபாலில் போகாது. அனுப்பிய பணத்துக்கு ஏற்றபடி கதாநாயகி கிணற்றில் விழாமல் பிழைக்கவும் மாட்டாள். அந்த ஏழு நாளும் வீணாகவும் போகவில்லை. திண்ணையிலும் குழாயடியிலும் ஆபீஸிலும் அடுத்த அத்தியாயத்தைப் பற்றித் தர்க்கம் செய்தார்கள். காத்திருந்தவர்கள் மனத்தில் கதை வளர்ந்தது. இவற்றையெல்லாம் விட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஐம்பதோ நூறோ வாரம் கழித்து ஒரு நாள், கடைசிப் பக்கத்தின் அடியில், 'முற்றும்' என்று ஒரு சொல் வந்தது.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். முற்றும் என்று எழுதுவது ஆசிரியனுக்கு நஷ்டம். நன்றாக விற்கிற கதையை முடிக்காதே, இன்னும் ஆறு மாதம் இழு என்று சொல்லும் ஆசை அவனுக்குள்ளேயே உண்டு. அப்படி இழுத்துக் கெட்ட கதைகளும் உண்டு. இருந்தாலும் கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று அவன் மனச்சாட்சி சொல்லும். முடிவு இருந்தால்தான் நடுவில் நடந்தவற்றுக்கு அர்த்தம் வரும். பாரதப் போர் பதினெட்டு நாளில் முடிந்தது. அதனால்தான் காந்தாரியின் அழுகைக்கு நிறை இருக்கிறது. பதினெட்டாம் நாள் மாலை துரியோதனன் எழுந்து, தொடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பழுது பார்க்கும் கூடத்திலிருந்து மறுபடி வந்து நின்றால், அது பாரதமா?

'எர்த் வார்ஸ்' விளையாட்டில் நான் கண்டது அதைத்தான். ஆட்டோபாட்டுகள் ஜெயிக்கக் கூடாது; ஜெயித்தால் கடையை மூட வேண்டும். டிசெப்டிகான்களும் ஜெயிக்கக் கூடாது. ஜெயித்தாலும் கடையை மூட வேண்டும். நான் இடித்த கோட்டை, அடுத்த நிமிஷம் அதன் சொந்தக்காரருக்கு அப்படியே திரும்ப நின்றுவிடுகிறது. என் கோட்டையை யாரோ இரவில் இடித்திருக்கிறார்; காலையில் பார்த்தால் ஒரு செங்கல் கூடப் பெயரவில்லை, சேமித்த செல்வத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த யுத்தத்தில் யாரும் சாவதில்லை, யாரும் ஜெயிப்பதில்லை, யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. செலவு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

'இது ஆரம்பத்திலிருந்தே பொம்மை விற்கிறவன் கட்டிவிட்ட கதைதானே, இதற்குப் போய் ஏன் இவ்வளவு வருத்தம்?' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பூர்வ கதையில் எனக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் டக்காரா என்ற கம்பெனி, காரிலிருந்து மனிதனாக மாறும் பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி அவற்றை வாங்கி 1984 இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று நாமகரணம் செய்தது. ஹாஸ்ப்ரோ கதை கேட்டுப் போனது மார்வெல் என்ற சித்திரக் கதைக் கம்பெனியிடம். டென்னிஸ் ஓநீல் என்ற எழுத்தாளர் ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரைக் கொடுத்தார். பாப் புடியான்ஸ்கி என்பவர் மெகாட்ரான் முதலிய பல பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்தார். கூலிக்கு எழுதியவர்கள்தான். அதே 1984 இல்தான் அமெரிக்க அரசாங்கத்தின் ஒலிபரப்புக் கமிஷன், குழந்தைகள் நிகழ்ச்சியில் எவ்வளவு நேரம் விளம்பரம் வரலாம் என்ற வரம்பைக் கைவிட்டது. அதன் பிறகு அரை மணி நேரக் கார்ட்டூனே அரை மணி நேர விளம்பரமாக ஆயிற்று. 1990 இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு விளம்பர நேரத்துக்கு மறுபடியும் வரம்பு கட்ட வேண்டியதாயிற்று.

இடையில் 1986 ஆகஸ்டில் ஒரு முழு நீளக் கார்ட்டூன் படம் வந்தது. ஆர்சன் வெல்ஸ் என்ற மகா கலைஞர், தம் வாழ்நாளின் கடைசிக் காலத்தில், அதில் ஒரு கிரகம் போன்ற அரக்கனுக்குக் குரல் கொடுத்திருந்தார். அந்தப் படத்தின் முற்பகுதியிலேயே ஆப்டிமஸ் பிரைம் செத்துப் போகிறான். ஏன் செத்தான்? பழைய பொம்மைகளைக் கடையிலிருந்து விலக்கிப் புதிய பொம்மைகளுக்கு இடம் செய்ய வேண்டும், அதற்காகச் செத்தான். இதை அந்தப் படத்தில் வேலை செய்தவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் கம்பெனி எதிர்பாராத ஒன்று நடந்தது. குழந்தைகள் கொட்டகையில் அழுதார்கள். பெற்றோரிடமிருந்து புகார்கள் வந்தன. அவர்களுக்கு அது ஒரு பொம்மையின் ஸ்டாக் தீர்ந்த சமாசாரமாகப் படவில்லை. ஒரு தகப்பனின் சாவாகப் பட்டது. 1987 இல் கம்பெனி அவனை உயிர்ப்பித்துத் தொடரில் திரும்பக் கொண்டுவந்தது. வியாபாரி கணக்குப் போட்டான். கதை அந்தக் கணக்கை மீறிவிட்டது. பொம்மை விற்க எழுதிய கதைக்கும் ஒரு தர்மம் உண்டு. பாத்திரம் செத்தால் படிக்கிறவன் மனம் உடையத்தான் வேண்டும். இந்த ஒரு சம்பவத்துக்காக அந்தப் பழைய பொம்மை வியாபாரத்தை நான் பாதி மன்னிப்பேன்.

இன்னொரு பாதி மன்னிப்புக்கும் காரணம் உண்டு. பொம்மைக்கு விலை எழுதியிருந்தது. தகப்பனார் விலையைப் பார்த்தார். முடியும் என்றார், அல்லது முடியாது என்றார். வாங்கிய பிறகு அது பையனுடையது. கை உடைந்தாலும் அவனுடையது. தம்பிக்குக் கொடுக்கலாம், பக்கத்து வீட்டுப் பையனின் பந்துக்கு மாற்றிக்கொள்ளலாம், நாற்பது வருஷம் கழித்துப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டலாம்.

கைபேசி யுத்தத்தில் ஆப்டிமஸ் பிரைமை அப்படி விலை கொடுத்து வாங்கிவிட முடிந்ததா? பெரும்பாலும் இல்லை. அவன் ஒரு படிகத்துக்குள் இருந்தாலும் இருப்பான், இல்லாவிட்டாலும் இல்லை. படிகத்தை விண்வெளிப் பாலம் என்ற இடத்தில் வைத்தால் உள்ளேயிருந்து யாரோ ஒரு வீரன் வருவான். ஒரு நட்சத்திரச் சோப்ளாங்கியும் வரலாம். நான்கு நட்சத்திரச் சூரனும் வரலாம். ஆடிச் சேர்த்த படிகங்களும் உண்டு. காசுக்கு வாங்கும் படிகங்களும் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் சாக்கை விரித்துப் போட்டுக்கொண்டு மூன்று சீட்டுக் காட்டுகிறவனுக்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. போலீஸ்காரரைக் கண்டால் அவன் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடுவான், இவர்கள் ஓடுவதில்லை.

இது தற்செயலாக அமைந்த வேடிக்கை அல்ல. 1957 இல் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள், புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த பரிசோதனைகளை ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாத புறா, சளைக்காமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. எப்போதாவது விழும் என்பதே அதைக் கட்டிப்போடுகிறது. படிகம் உடையும்போது திரையில் வீசும் ஒளியைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அந்தப் புறாவின் ஞாபகம் வந்தது.

அரசாங்கங்களுக்கும் இது மெதுவாகப் புரிந்திருக்கிறது. சீட்டுகளைக் குருட்டு அதிர்ஷ்டத்தில் வாங்கி, ஒரு வரிசை முழுவதையும் சேர்த்தால் பெரிய பரிசு என்ற ஏற்பாட்டை, 2012 மே மாதத்தில் ஜப்பானிய நுகர்வோர் இலாகா சட்ட விரோதம் என்று அறிவித்தது. பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கமிஷன் சொல்லிற்று. நம் ஊரில் லாட்டரிச் சீட்டுகள் எத்தனையோ கூலிக்காரர் வீட்டு அடுப்பை அணைத்த பிறகு 2003 இல் தமிழ்நாடு அரசு அவற்றை ஒழித்தது. லாட்டரியிலாவது என்றோ ஒருவனுக்குப் பணம் விழுந்தது. இந்தப் படிகத்தில் ஜெயித்தவனுக்கும் பணம் வராது. ஜெயித்த சூரனை வளர்ப்பதற்கு அவன் இன்னும் செலவழிக்க வேண்டும்.

"யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லையே? காசு கொடுக்காமல் ஆடுகிறவர்கள்தானே அதிகம்?" என்று ஒரு வாதம் இருக்கிறது. அதிகம்தான். இம்மாதிரி இனாம் விளையாட்டுகளைக் கணக்கெடுத்த ஸ்வர்வ் என்ற நிறுவனம், ஆடுகிறவர்களில் 0.15 சதவீதம் பேரிடமிருந்தே பாதி வருமானம் வருகிறது என்று 2014 இல் சொல்லிற்று. ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவர். அவர்களைத் தொழில்காரர்கள் தங்களுக்குள் 'திமிங்கிலங்கள்' என்று அழைக்கிறார்கள். ஒரு வாடிக்கைக்காரனை அவன் முதுகுக்குப் பின்னால் வேட்டை மிருகத்தின் பெயரால் அழைக்கிற தொழில் எப்படிப்பட்ட தொழில் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. அந்தத் திமிங்கிலம் பெரிய பணக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிறுத்த முடியாதவனாக இருந்தால் போதும். சரி, மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுப் பேர் எதற்கு? அவர்கள் இடிபடுவதற்கு. பணம் கொடுத்தவன் இடித்து மகிழக் கோட்டைகள் வேண்டுமல்லவா? நான் ஆறு மாதம் இனாமாக ஆடினேன் என்று சொன்னேன். அந்த ஆறு மாதமும் சம்பளமில்லாமல் அந்தக் கம்பெனிக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னாலும் சரிதான்.

குழந்தைகள் விஷயம் தனி. 2014 ஜனவரியில், பெற்றோர் அனுமதியில்லாமல் பிள்ளைகள் கைபேசி விளையாட்டுகளில் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க ஆப்பிள் கம்பெனி அமெரிக்க வர்த்தகக் கமிஷனிடம் ஒப்புக்கொண்டது. பல விளையாட்டுகளையும் சேர்த்த கணக்கு அது. அதே வருஷம் நவம்பரில், தன் கடையில் 'இனாம்' என்று எழுதியிருந்த பொத்தானை ஆப்பிள் அழித்துவிட்டு 'பெறுக' என்று மாற்றி எழுதியது. இனாம் என்ற பொய்யைத் தொடர்ந்து சொல்வதற்குக் கடைக்காரனுக்கே கூச்சம் வந்துவிட்டது. விளையாட்டுக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் வரவில்லை.

இத்தனை செலவழித்தவனுக்குக் கடைசியில் மிஞ்சுவது என்ன? இதே யந்திர வீரர்களை வைத்து கபாம் என்ற வேறொரு கம்பெனி 2017 இல் 'ஃபோர்ஜ்டு டு ஃபைட்' என்ற இன்னொரு சண்டை விளையாட்டை வெளியிட்டது. அதுவும் இனாம், அதிலும் படிகங்கள். 2023 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். ஐந்தரை வருஷத்துக்கு மேல் படிகம் படிகமாக உடைத்துச் சேர்த்த சேனை, தொலைவில் எங்கோ ஒரு யந்திரத்தை அணைத்தவுடன் இல்லாமல் போயிற்று. பரணில் தூசி தட்டி எடுக்க ஒன்றும் இல்லை. தம்பிக்குக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. யார் ஜெயித்தார்கள் என்று கூட யாரும் சொல்லவில்லை. முற்றும் என்று ஓர் ஆசிரியன் எழுதுவதற்கும், வாடகை கட்டவில்லை என்று கொட்டகையின் விளக்கை அணைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலாவதில் வாசகன் கையில் ஒரு கதை மிஞ்சுகிறது.

விளையாட்டே கூடாது என்று சொல்லும் உபதேசி அல்ல நான். சதுரங்கத்தில் எனக்குப் பைத்தியம் உண்டு. பல்லாங்குழியில் என் பாட்டியை ஜெயித்ததே கிடையாது. இந்த யந்திர மனிதர்களை வரைந்தவர்களின் திறமையையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். லாரி ஒன்று மடிந்து விரிந்து மனிதனாக நிமிர்கிற அந்தக் கணத்தில், எழுபது வயதுக்காரன் மனத்திலும் ஒரு பையன் எழுந்து நிற்கிறான். அந்தப் பையனை மதிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அவனை மதிக்கிற வியாபாரி மூன்று காரியம் செய்ய வேண்டும். விளையாட்டுக்கு ஒரு விலை எழுத வேண்டும். ஐந்நூறு என்றாலும் சரி, ஆயிரம் என்றாலும் சரி, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதிர்ஷ்டத்தைப் பொட்டலம் கட்டிச் சிறுவர்களுக்கு விற்பதை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் இன்ன சரக்கு வர இத்தனை வாய்ப்பு என்று எழுத வேண்டும் என ஆப்பிள் 2017 டிசம்பரில் விதி செய்தது; அது போதாது. பீடிக் கட்டின் மேல் எச்சரிக்கை அச்சிட்டுப் பையன் கையில் கொடுத்தால் ஆயிற்றா? மூன்றாவதாக, கதைக்கு ஒரு முடிவு வைக்க வேண்டும். ஆட்டோபாட்டுகள் ஜெயிக்கட்டும், அல்லது தோற்கட்டும். ஆடியவன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அதை நினைத்துக்கொண்டு தூங்கட்டும்.

வியாபாரிகள் இதைக் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளையோ, மருமகனோ, நீங்களேயோ, கைபேசியில் இப்படி ஒரு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள், கைபேசியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'இது எப்போது முடியும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சதுரங்கம் ஆடுகிறவனிடம் அதற்குப் பதில் இருக்கிறது. கிரிக்கெட் ஆடுகிறவனிடம் இருக்கிறது. நாவல் படிக்கிறவள் மிச்சப் பக்கங்களை விரலால் புரட்டிக் காட்டுவாள். இந்த யுத்தத்தை ஆடுகிறவன் கொஞ்ச நேரம் யோசிப்பான். பதில் வராது. அந்த மௌனத்தில் அவனுக்கே விஷயம் விளங்கிவிடும்.